ஆநிரை காத்தல்: ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும்

இந்திரன் ஏவிய ஏழு நாள் பெருமழையில் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த கண்ணபிரான், அந்தக் குடையின் கீழ் ஆயர்களை மட்டும் சேர்க்கவில்லை; அவர்தம் பசுக்களையும் கன்றுகளையும் உடன் சேர்த்தே காத்தான் என்பது பாகவதம் கேட்ட அனைவரும் அறிந்த வரலாறு. மழை, உழவனுக்கு வாழ்வு. ஆனால் மழைக்காலமே ஆநிரைக்கு இடர் மிகுந்த காலம். அந்த உண்மையை ஆயர்பாடிச் செய்தி ஒருவாறு உள்ளடக்கி நிற்கிறது எனலாம்.

தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளில் முதலாவதாகச் சேவிக்கப்படும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஒரு பசுவின் கதை உண்டு. மண்ணுள் மறைந்திருந்த எம்பெருமான் திருமேனி மீது அரசனின் மந்தைப் பசு ஒன்று நாள்தோறும் தானே சென்று பால் சொரிந்ததாகவும், அதனை அறிந்த பாண்டியன் மண்ணை அகற்றித் திருமேனியைக் கண்டு கோயில் எழுப்பியதாகவும் தலபுராணம் கூறும். அங்கு நிகழும் பால் திருமஞ்சனமும், ‘பால் பாண்டி’ என்ற பெயரும் அந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. பசுவின் மடியில் பால் சுரக்க வேண்டுமாயின் அதன் வயிற்றில் தீவனமும் உடலில் நலமும் இருத்தல் வேண்டும். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது எம்பெருமான்களும் கருட வாகனத்தில் எழுந்தருளும் சேவையைக் காணத் திரளும் அடியார்களுள், வீட்டில் இரண்டு மாடும் பத்து ஆடும் உடையோர் பலர். அண்டை வீட்டாரிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் அவர்களுக்கு, வைகாசி என்பது எண்ணிப் பார்க்கத் தக்க காலம். ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து மாதமே உண்டு.

தூத்துக்குடிச் சீமை என்றதும் வெளியூரார்க்கு முத்தும் உப்பும் துறைமுகமுமே நினைவில் எழும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் நின்றுபோயிற்று. ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் கொற்கைக் காலத்திற்கும் முற்பட்டதோ என்று எண்ணத்தக்க ஒரு செல்வம் இன்றும் காலால் நடந்துகொண்டிருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரி. ஆற்றுப் பாசனத்தில் அமைந்த நஞ்சை. இம்மூன்று நிலத்திலும் ஆடுமாடு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறியவற்றுள் அரிசியோடு உயிருள்ள கால்நடைகளும் இருந்தன.

இந்நாட்டின் ஆட்டினங்கள் இந்நாட்டின் வெயிலிலேயே உருவானவை. விளாத்திகுளத்தை அடுத்த வேம்பூரின் பெயரால் வழங்கும் செம்மறி, வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகள் தெளித்தாற்போல் இருப்பது. அதனாலேயே ‘பொட்டு ஆடு’ என்ற பெயரும் பெற்றது. கீழக்கரிசல் செம்மறி, பழுப்புச் செம்மை உடலும், தலை, வயிறு, கால் ஆகிய இடங்களில் கருமையும் கொண்டது. வெள்ளாட்டில், கருநிற உடலும் முகத்தில் இருபுறமும் கோடும் உடையது கன்னி ஆடு; கோடு வெண்மையாயின் பால்கன்னி, செம்மையாயின் செங்கன்னி. நெடிய கால்களும் மெலிந்த உடலும் உடையது கொடி ஆடு. வெள்ளையில் கருமை படர்ந்தது கரும்போரை, செம்மை படர்ந்தது செம்போரை. இவ்வாடுகள் கம்பளிக்காக வளர்க்கப்படுபவை அல்ல. இறைச்சிக்கும் எருவுக்குமாக வளர்க்கப்படுபவை. பல கல் தொலைவு நடந்து, உடைமரத்தின் காயையும் கரிசற் காட்டின் காய்ந்த புல்லையும் தின்று பிழைக்கும் உறுதி இவற்றுக்கு உண்டு. அயலினக் கிடாவைச் சேர்த்து உருவில் பெரிய குட்டியைப் பெற விழைவோர், இந்த உறுதியை விலையாகக் கொடுக்கிறோமா என்று ஒருமுறை சிந்திப்பது நல்லது.

பிசான அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நஞ்சை வெறுமையாகும்போது, கரிசற் காட்டு மந்தைகளும் இராமநாதபுரத்து மந்தைகளும் ஆற்றங்கரை நோக்கி வரும். பகலில் தாள் மேய்ந்து இரவில் வயலிலேயே அடைபடும். இதுவே கிடை போடுதல். நிலத்துக்காரர்க்கு எரு, ஆட்டுக்காரர்க்கு நெல்லோ பணமோ. கிடையின் தலைவரைக் கீதாரி என்பர். கோவில்பட்டி அருகே இடைசெவல் ஊரைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் படைத்தார் என்பதிலிருந்து, இந்த வாழ்வு அந்த மண்ணில் எவ்வளவு ஆழ ஊன்றியது என்பது விளங்கும்.

இம்மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக் காற்றால் பெய்து முடிந்துவிடும். தை முதல் புரட்டாசி வரை நீண்ட வறட்சி. ஆனி, ஆடியில் மேல்காற்று வேறு நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே ஆடு வளர்ப்போர் அனைவரும் அஞ்சுவது வறட்சியை. வறட்சியில் ஆடு மெலியும், பால் வற்றும், விலை வீழும் என்பது மெய். ஆயினும் கால்நடை மருத்துவர்களும் பழுத்த கீதாரிகளும் ஒருமித்துச் சொல்வது வேறு. வறட்சியில் ஆடு மெலிகிறது. மந்தையாக மடிவதோ மழைக்குப் பின் நிலம் பசுமை போர்த்தும் வாரங்களில். வெயிலில் ஏழெட்டு மாதம் தாக்குப்பிடித்த ஆடு, கண்ணுக்கு இனிய புல் முளைத்த பதினைந்தாம் நாள் விழுந்துவிடுகிறது. இவ்விந்தையின் காரணம் அறிந்தோர்க்கு, வைகாசி முதல் புரட்டாசி வரை செய்ய வேண்டிய வேலை எது என்பது தானே புலப்படும்.

முதற் காரணம், மழைவரும்போது ஆடு இருக்கும் நிலை. மெலிந்த உடலில் நோயெதிர்ப்பு இராது. ஆதலால் கோடைத் தீவனமே மழைக்கால மருந்தின் முதற்படி. கரிசல் நாட்டார் இதனை நன்கறிவர். இருங்கு சோளத்தையும் நாற்றுச் சோளத்தையும் மாட்டுக்கென்றே நெருக்கி விதைத்து, அறுத்துக் காயவைத்துப் படப்பு அடைந்து வைப்பது அங்குத் தொன்றுதொட்ட வழக்கம். படப்பு உயர்ந்த வீடு, மாடு வாடாத வீடு. தேரிப் பகுதியில் உடைமரக் காய்களைக் கோடையில் உலுக்கிச் சேர்த்து வைப்பர். புரதம் மிக்க அக்காயை ஆடுகள் விரும்பித் தின்னும். சீமைக்கருவேல் நெற்றும் தீவனமாகும். எனினும் அதனை அப்படியே அளவின்றிப் போட்டால் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டு, மேய்ந்த இடமெல்லாம் அம்முள்மரமே பரவும். நாட்பட அதையே தின்ற கால்நடைகளுக்குத் தாடை தளர்ந்து மெல்ல இயலாமையும் வருவதுண்டு. நெற்றை இடித்து, தீவனக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்ப்பது தக்கது. கிணற்றுப் பாசனம் உள்ளோர் வரப்பில் அகத்தியும் சூபாபுல்லும் வளர்க்கலாம். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டாதலின் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. அகத்திக்கு அத்தகைய குறை இல்லை.

உப்பின் ஊரில் உப்பைப் பற்றிச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் உப்பளத்திற்கு இரண்டு கல் தொலைவில் உள்ள தொழுவத்திலேயே சுவரை நக்கும் மாடுகளைக் காணலாம். மாடொன்றுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் உப்பும், 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் வேண்டும். ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம் கலவை போதும். சாதாரண உப்பு வேறு, தாது உப்புக் கலவை வேறு. பின்னதில் சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து, துத்தநாகம், செம்பு முதலியன சேர்ந்திருக்கும். எலும்பையும் மண்ணையும் துணியையும் மெல்லும் மாடு பேய்க்குணம் கொண்டதன்று. பெரும்பாலும் மணிச்சத்துக் குறைந்தது. கிடந்த எலும்பைக் கடிப்பதால் நஞ்சேறி மாடு இறப்பதும் உண்டு. கடலோரக் கிணறுகளில் உவர்நீரே ஊறும் ஊர்களில், வெள்ளாடு அந்நீரை ஓரளவு தாங்கும். கறவைப் பசு தாங்காது. அதற்கு நன்னீர் தனியே வேண்டும். பால் தரும் பசு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் நீர் குடிக்கும் என்பதை நினைவிற் கொண்டால், காலையும் மாலையும் ஒரு வாளி காட்டுவது போதாது என்பது தெளிவு.

சோளம் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். பயிர் இளமையாக இருக்கும்போதும், மழையின்றி வாடி நிற்கும்போதும், அறுத்த தட்டையடியில் மறுதாம்பு துளிர்க்கும்போதும் சோளத்தில் சயனைடு என்னும் கொடிய நஞ்சு மிகுந்திருக்கும். பசித்த மாடு வேலி தாண்டிச் சென்று நாலு வாய் கடித்தாலே மூச்சுத் திணறி, நுரை தள்ளிச் சில நிமிடங்களில் விழும். பூத்த பின் அறுத்த சோளத்தில் இவ்வச்சம் நீங்கும். காயவைத்த தட்டையில் மேலும் குறையும். மருத்துவர் உடனே வந்து ஊசி செலுத்தினால் பிழைக்க வைக்க இயலும். ஆனால் மருத்துவர் வரும்வரை காத்திருக்கும் நஞ்சன்று அது. ஆவணி, புரட்டாசியில் தூறல் கண்டு துளிர்த்த சோளக்காட்டைச் சுற்றி ஆடுமாட்டைக் கட்டாதிருத்தலே பெரிய மருத்துவம்.

இனி மழை. முதல் மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் கரிசற் காடு பச்சைப் பட்டு விரித்தாற்போல் ஆகும். எட்டு மாதம் காய்ந்த தாளைத் தின்ற ஆட்டை ஒரே நாளில் அதில் விட்டால் நேர்வது துள்ளுமாரி. இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் புதிதாக வெளியிலிருந்து வருவதன்று. நலமுள்ள ஆட்டின் குடலிலேயே சிறிதளவு எப்போதும் இருப்பது. நாரற்ற இளம்புல் திடீரென மிகுந்து செரிக்காமல் குடலுள் இறங்கும்போது, அதனை உண்டு அவ்வுயிர் கோடிக்கணக்கில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. ஆடு துள்ளி விழுந்து இறக்கும், பெயர்க்காரணமும் அதுவே. இதில் நெஞ்சை வருத்துவது யாதெனில், மந்தையில் மிகக் கொழுத்த, பசி மிகுந்த, வளர்ப்போர் கண்ணில் வைத்துப் போற்றும் குட்டியே முதலில் விழும். மெலிந்தது அவ்வளவு தின்னாது, ஆகவே தப்பும். பகையின் கண்ணேறு என்று பலர் நம்பியதற்கு இதுவே காரணம் போலும்.

தடுக்கும் வழி எளிது. மழைக்கு ஒரு மாதம் முன்பே, புரட்டாசிக்குள், துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதன்முறை போடும் குட்டிகளுக்கு இரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை, பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறை. புல் முளைத்த பின் முதல் இரு வாரமும் காலையில் சிறிது உலர்தட்டை காட்டி வயிற்றை ஓரளவு நிரப்பியே மேயவிடுதல் வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பின் இரண்டு என்று மெல்ல நீட்டிக்கலாம்.

இரண்டாவது இடர் புழு. செம்மறியின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு, சாணத்தில் முட்டையிடும். வறட்சியில் அம்முட்டைகள் வெயிலில் மடியும். ஈரம் கண்டால் குஞ்சாகிப் புல்லின் நுனியில் ஏறும். அதுவும் பனித்துளி நிற்கும் விடியற்காலையில்தான் மிகுதியாக ஏறும். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின்னரே கிடையைத் திறக்க வேண்டும் என்று கீதாரிகள் வழிவழியாகக் கொண்ட விதியின் நுட்பம் இதுவே. ஈண்டு ஒன்று குறிப்பிடத் தக்கது: திருப்பாவையின் எட்டாம் பாசுரத்தில் எருமைகள் விடியலில் சிறுவீடு மேயச் செல்லும் செய்தி வருகிறது, பனிப்புல்லைச் சிறிது நேரம் மேயவிடுதலையே அச்சொல் குறிக்கும் என வியாக்கியானம் கூறும். எருமைக்கு ஆயர்பாடியில் பொருந்தியதைச் செம்மறிக்குக் கரிசற்காட்டில் பொருத்தலாகாது. ஒவ்வோர் உயிரின் இயல்பும் வேறு.

புழு மிகுந்த ஆட்டின் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். அந்நிலைக்கு முன்னரே கண்டறிய ஒரு வழி உண்டு. ஆட்டின் கீழ் இமையை மெல்ல விலக்கி உட்புற நிறத்தை நோக்குக. செக்கச் சிவந்திருந்தால் கவலை இல்லை. வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துள்ளது, மருந்து வேண்டும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இம்முறையை நிற அட்டையோடு வகுத்து ‘ஃபமாச்சா’ என்று பெயரிட்டனர். இன்று பல நாடுகளில் பயில்கிறது. மந்தை முழுவதற்கும் மாதந்தோறும் ஒரே குடற்புழு மருந்தைக் கொடுத்தால் புழுக்கள் அம்மருந்துக்குப் பழகிவிடும்; அப்புறம் எந்த அளவு கொடுத்தும் பயனில்லை. தேவையான ஆட்டுக்குத் தேவையான போது, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொல்லும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதே முறை. குளத்தோரம் மேய்ப்போர் நத்தையால் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இந்நாட்டுச் செம்மறிகளை மிகவும் வாட்டிய நீலநாக்கு நோய். இந்தியாவில் 1964-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் கண்டறியப்பட்ட இந்நோய், தென் தமிழ்நாட்டு மந்தைகளை மழை மிகுந்த ஆண்டுகளில் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. கடுங்காய்ச்சல், உதடும் முகமும் வீங்குதல், மூக்கில் சளி, வாய்ப்புண், குளம்பின் மேல் விளிம்பு சிவந்து நொண்டுதல் ஆகியன அறிகுறிகள். நாக்கு நீலமாவது சில ஆடுகளில் மட்டுமே. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு இது நேரே தொற்றுவதில்லை. கியூலிகாய்டஸ் எனப்படும், கொசுவினும் மிகச் சிறிய கடிபூச்சி கடித்துப் பரப்புகிறது. அப்பூச்சி பெருகுவது சாணமும் சிறுநீரும் கலந்த சேற்றில். ஆகவே பட்டியை மேட்டில் அமைத்து, நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, அந்தி வேளையில் வேப்பந்தழை மூட்டம் போடுவது வெறும் சடங்கன்று. ஐந்து வகை நச்சுயிரிகளுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியும் இப்போது கிடைக்கிறது. மழைக்கு முன்பே போடத் தக்கது.

ஆட்டுக்கொல்லி நோயோ மழைக்காகக் காத்திராதது. இந்தியாவில் இது முதன்முதல் அறியப்பட்டது 1987-இல், நம் தமிழ்நாட்டில், விழுப்புரம் அருகேயுள்ள அரசூரில். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாய்ப்புண், கழிச்சல், பின் இறப்பு. அந்த அரசூர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த நச்சுயிரியையே வலுவிழக்கச் செய்து ‘அரசூர் 87’ என்னும் தடுப்பூசி வித்தை உருவாக்கியது 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். கொன்ற கிருமியே காக்கும் மருந்தாயிற்று. குட்டி நான்கு மாதம் ஆனதும் ஒருமுறை போட்டால் மூன்றாண்டு காக்கும். இந்நோயை 2030-க்குள் உலகிலிருந்தே அகற்ற நாடுகள் உறுதி பூண்டுள்ளன. இது ஆகாத காரியம் அன்று. மாடுகளைக் கூட்டங் கூட்டமாக அழித்த வெக்கை நோய், தடுப்பூசியால் இந்தியாவிலிருந்து 2006-இலும் உலகிலிருந்து 2011-இலும் அறவே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, மண்ணுலகை விட்டு முற்றும் நீங்கிய நோய் அது ஒன்றே.

ஆட்டுக்கொல்லி பட்டிக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் சந்தை. எட்டயபுரம் சந்தையில் வாங்கிய ஆட்டை அன்று மாலையே மந்தையில் சேர்ப்பது, அறியாத விருந்தினரை நேரே உள்வீட்டில் விடுவது போன்றது. மூன்று வாரம் தனிக் கொட்டிலில், தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி, தடுப்பூசி போட்டுச் சேர்க்க வேண்டும். கிடாவை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் வேண்டும். இன்றேல் தகப்பனும் மகளும் கூடிக் குட்டிகள் நலிவுறும்.

மாட்டுக்குக் கோமாரி முதற்பகை. வாயிலும் குளம்பிடையிலும் புண் கண்டு, தின்ன முடியாமல் நிற்கும் பசுவைக் கண்டோர் மறவார். பிழைத்தாலும் பால் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாகத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்டது. கண்ணன் பிறந்த ஊரில் ஆநிரை காக்கும் பணி தொடங்கியது பொருத்தமே. அதே ஆண்டு ஒடிசாவில் தலைகாட்டிய தோல் கழலை நோய் 2022-இல் வட மாநிலங்களில் பெருங்கேடு செய்தது. உடலெங்கும் கட்டி எழும் அந்நோய்க்கும் தடுப்பூசி உண்டு. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கு மழைக்கு முன் ஆண்டுதோறும் ஒருமுறை.

கன்று ஈன்ற வீட்டில் ஒரு பழைய பிழை இன்னும் நீங்கவில்லை. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் கொடுக்கலாகாது என்பர். உண்மை நேர்மாறானது. தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் கருவிலேயே கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பாலின் வழியாக மட்டுமே சேர்கிறது. அதனை உள்ளேற்கும் குடலின் திறனும் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் முதல் சீம்பால் கன்றின் வயிற்றில் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பலமுறையாகப் பகிர்ந்து. கன்று குடிப்பதால் கொடியும் விரைவில் விழும். சீம்பாலைக் காய்ச்சி உறவினர்க்குக் கொடுத்து மகிழ்வது நம் வழக்கம்; கன்றுக்குப் போக மிஞ்சியதில் அது நடக்கட்டும்.

கறவைப் பசுவின் அடர்தீவனத்திற்கு ஒரு கணக்குண்டு. உடலைப் பேண ஒன்றரை கிலோ. அதற்கு மேல் ஒவ்வோர் இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எட்டு லிட்டர் தரும் கலப்பினப் பசுவுக்கு நாலரை கிலோவுக்குச் சற்று மேல். இதனோடு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ வைக்கோலோ தட்டையோ. மடி வீங்கிப் பால் திரிந்தால், மருத்துவரை அழைக்கும் அதே வேளையில், சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலைக் கறந்து வெளியேற்றிய பின் மடியில் நாளுக்குப் பலமுறை பூசும் மருந்து பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது. எளியது, பலரால் பயன்படுத்தப்படுவது.

திருவிழாவுக்கு வருவோர் பசுவுக்கு உணவளிப்பதைப் புண்ணியமாகக் கருதுவது இயல்பு. ஆனால் அதுவே பசுவுக்கு நோயாவதும் உண்டு. பசுவின் முதல் இரைப்பை புல்லையும் தட்டையையும் நொதிக்க வைப்பதற்கே அமைந்தது. பொங்கல், சோறு, பழம், இனிப்பு ஆகியன அளவு மீறிச் சென்றால் சில மணி நேரத்தில் அங்கே புளிப்பு ஏறி, வயிறு உப்பி, அசைபோடுதல் நின்று, பசு படுத்துவிடும். ஒருவர் கொடுக்கும் ஒரு பிடியால் கேடில்லை. ஆயிரம் பேர் ஆளுக்கொரு பிடி கொடுத்தால் அது ஆயிரம் பிடி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் மிகுவதன் காரணம் இதுவே. பழத்தைப் பிளாஸ்டிக் பையோடு வீசுவது அதனினும் கொடிது. அப்பை செரிக்காது, வெளியேறாது, இரைப்பையிலேயே சுருண்டு கிடந்து நாளடைவில் கொல்லும். கோசாலைக்கு ஏதேனும் கொடுக்க விழைவோர்க்கு முன்னோர் வகுத்த அகத்திக்கட்டே சிறந்தது. ஒரு கட்டு வைக்கோல் வாங்கிக் கொடுப்பது இன்னும் நீடித்துப் பயன்தரும்.

மழை, நோய் தருவதோடு நிற்காமல் வெள்ளமாகவே வந்த ஆண்டும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, இந்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் மிகுதி. தாமிரபரணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி வட்டாரமெங்கும் நீர் புகுந்தது. ஆயிரக்கணக்கில் ஆடு, மாடு, கோழிகள் மாண்டன. மாடு இயல்பாகவே நீந்த வல்லது. தளையில் கட்டுண்டு நிற்கும் மாடு நீந்த இயலாது. அதன் பின் ஆற்றங்கரை ஊர்களில் சிலர் மழை வலுக்கும் இரவில் மாட்டைத் தும்பை அவிழ்த்தே விடுகின்றனர்; இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சு இடுவோரும் உண்டு. தொழுவத்திற்கு அண்மையில் உள்ள மேடு எது, அங்கு ஓட்டிச் செல்லும் வழி எது என்பதைப் புரட்டாசியிலேயே பார்த்து வைத்தல் நலம். படப்பையும் தாழ்நிலத்தில் அடையாமல் கல் பரப்பிய மேட்டில் அடைய வேண்டும். நனைந்து பூஞ்சை பூத்த வைக்கோல் வெள்ளத்தில் தப்பிய மாட்டையும் நோயில் தள்ளும். நீரில் இறந்தவற்றை ஆற்றில் தள்ளாமல், கிணற்றுக்கும் ஓடைக்கும் அப்பால் ஆறடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். திடீரென இறந்து மூக்கிலும் ஆசனவாயிலும் கருங்குருதி ஒழுகும் உடலாயின் அது அடைப்பானாக இருக்கக் கூடும், அறுத்துப் பார்த்தலே கூடாது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962. அதனைத் தொழுவத்துச் சுவரிலேயே சுண்ணாம்பால் எழுதி வைத்துள்ள வீடுகள் உண்டு. இருட்டிலும் மழையிலும் தேட வேண்டாம்.